விமானியின் கண் இருக்கும் இடம்



வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பிள்ளைகளைப் பற்றி இன்று பேசப் போகிறேன். "விளையாட்டுத்தானே, இதற்கு ஒரு வானொலிப் பேச்சா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். காலையிலிருந்து செம்பனைக் குலை வெட்டிவிட்டு வீடு திரும்பும் தகப்பனார், பிள்ளை திரையின் முன்னே அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு சினம் கொள்வதும் இயற்கையே. ஆனால் இந்த விளையாட்டின் உள்ளே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. அது தெரியாததனால் மனம் உடைந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் கருவிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் அப்படி ஒன்றைச் செய்தார். அவருடைய தந்தையார் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். நம் ஆர்மோனியப் பெட்டியில் காற்றை ஊதும் துருத்தி இருக்கிறதல்லவா? அதைப் போன்ற துருத்திகளைக் கொண்டே லிங்க் தம் பெட்டியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காட்டினார். மேலே மூடியைப் போட்டுவிட்டால் வெளிக்காட்சி எதுவும் தெரியாது. கருவிகளைப் பார்த்தே ஓட்ட வேண்டும். பின்னர் 1982-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான விமான சிமுலேட்டரை வெளியிட்டது. இப்பொழுது எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் எனப் பல இருக்கின்றன. ஃபிளைட்கியர் இலவசமாகவே கிடைக்கிறது. வெளிக்காட்சி திரையில் வந்துவிட்டபடியால், அந்தக் காட்சியை எந்த இடத்திலிருந்து பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி. ஆறாம் ஆண்டு படித்தாள். உறவினர் கொடுத்த பழைய கணினியில் சிறிய செஸ்னா விமானத்தை ஓட்டிப் பழகினாள். மேலே ஏறுவாள், திரும்புவாள், எல்லாம் ஒழுங்காக நடக்கும். இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் தரையில் மோதி விமானம் நொறுங்கும். "உனக்கு இதெல்லாம் வராது" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவளும் அதை நம்பி, கணினியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது, திரையில் பாதிக்குமேல் கருவிப்பலகையே தெரிந்தது. விமானியின் கண் மிகவும் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. பாயில் உட்கார்ந்துகொண்டு சன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதைப் போலத்தான்!

கண் தாழ்ந்தால் என்ன நேரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானியின் கண்ணுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் கருவிப்பலகையின் மேல் விளிம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்துக்குக் கீழே 15 பாகை வரை அவர் தரையைப் பார்க்க முடிகிறது. விமானம் 30 மீட்டர் உயரத்தில் நேராகப் பறக்கும்போது, அவருக்கு முன்னே சுமார் 110 மீட்டர் தரை மறைந்திருக்கும். இப்பொழுது கண்ணை 6 சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். ஏறக்குறைய மூன்று விரல் அகலம், அவ்வளவுதான். 15 பாகை 10 பாகையாகச் சுருங்கிவிடும். மறையும் தரையோ 170 மீட்டர் ஆகிவிடும்! மூன்று விரல் தாழ்ந்ததற்கு 60 மீட்டர் நிலம் கண்ணைவிட்டுப் போகிறது.

தரையைத் தொடுமுன் விமானத்தின் மூக்கைச் சற்றே உயர்த்த வேண்டும். அந்த நேரத்தில் தாழ்ந்த கண்ணுக்கு ஓடுபாதையே தெரியாமல் போகிறது. பாதையைக் காண வேண்டுமே என்ற பதற்றத்தில் பிள்ளை மூக்கைக் கீழே அழுத்துகிறது. முன்சக்கரம் மோதுவது இதனால்தான். அந்த மாணவியின் கையில் குறை ஏதும் இல்லை. கண்ணை மிக உயரத்தில் வைத்தாலோ தொல்லை வேறு விதமாக வரும். தரை மிகுதியாகத் தெரிவதால் மூக்கு தாழ்ந்திருப்பதாக எண்ணிப் பிள்ளை மேலே இழுக்கும். வேகம் குறைந்து விமானம் விழும்.

உண்மையான விமானிகளும் இதை விளையாட்டாக விடுவதில்லை. ஏர்பஸ் விமானங்களின் முன்கண்ணாடி நடுக்கம்பத்தில் சிறு குண்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் அமையும்வரை விமானி தம் இருக்கையை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்துகொள்கிறார். சிப்பாங்கில் 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையத்தைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த மரங்களுக்கு மேலே தாழ்ந்து வரும் ஏர்பஸ் விமானத்தின் விமானி, புறப்படுமுன் இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். கண்ணை நகர்த்துவது வேறு. காட்சியைப் பெரிதாக்குவது வேறு. பலரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டித் தூரத்து மரம் ஒன்றை மறையுங்கள். தலையை அசைத்தால் மரம் தெரிகிறது. இதுவே கண்ணை நகர்த்துவது. தலையை அசைக்காமல் தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலோ விரலும் பெரிதாகும், மரமும் பெரிதாகும். மறைந்தது மறைந்தபடியே இருக்கும். எக்ஸ்-பிளேனில் அம்புக்குறி விசைகள் கண்ணை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும். ஃபிளைட்கியரில் எக்ஸ் என்னும் எழுத்து விசை காட்சியைப் பெரிதாக்கும். தரை தெரியவில்லையென்று பெரிதாக்கும் விசையை எத்தனை தடவை தட்டினாலும் பயன் இல்லை.

அப்படியானால் காட்சியின் அகலத்தை எவ்வளவு வைப்பது? 24 அங்குலத் திரை சுமார் 53 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அந்தத் திரை நம் கண்ணில் 48 பாகையைத்தான் அடைத்துக்கொள்கிறது. சிமுலேட்டரில் 80 பாகைக் காட்சியை வைத்தால், நடுவில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய பாதி அளவாகச் சிறுத்துத் தெரியும். ஓடுபாதை இருமடங்கு தூரத்தில் இருப்பதாக மனம் ஏமாறும். அதற்காக 48 பாகையே வைத்தால் கருவிகள் பாதி தெரியாமல் போகும். இரண்டுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். நாளுக்கொரு காட்சி வைத்தால் கண் பழகாது.

கண்ணின் உயரத்தைத் தரையில் நிற்கும்போது அமைக்காதீர்கள். விமானம் ஏற்றமும் இறக்கமும் இன்றி நேராகப் பறக்கும்போது அமையுங்கள். கருவிப்பலகையின் மேல் வரிசையும் தெரிய வேண்டும். மூக்கின் மேலே தொடுவானமும் தெளிவாகத் தெரிய வேண்டும். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் அந்த இடைவெளி கையை நீட்டிப் பிடித்தால் சுமார் நான்கு விரல் இருக்கும் என்பார்கள். ஆனால் இது மெய்யான விமானத்துக்குரிய அளவு. திரையில் காட்சி சிறுத்திருந்தால் விரல் கணக்கும் குறையும்.

இடவலமும் முக்கியம். விமானி இடப்பக்க இருக்கையில் அமர்கிறார். ஆகவே மூக்கின் நடுப்பகுதி அவருக்குச் சற்று வலப்பக்கமாகத் தெரியும். அந்த நடுப்பகுதியை ஓடுபாதைக்கு நேராக வைத்து இறங்கினால் விமானம் கோணலாகத் தரைதொடும். தம் கண்ணுக்கு நேர் முன்னே இருப்பதே விமானம் செல்லும் திசை. அந்த மாணவியின் அம்மா இதற்கொரு வழி கண்டுபிடித்தார். நேராகப் பறக்கும்போது, கண்ணுக்கு நேரே தொடுவானம் தெரியும் இடத்தில் தம் ஒட்டுப்பொட்டு ஒன்றைத் திரையில் ஒட்டிவிட்டார். விலை சில காசுதான். அன்று மாலை மூன்றாவது முயற்சியில் பின்சக்கரங்கள் முதலில் தரையைத் தொட்டன. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் காட்டு" என்றான்.

பெற்றோர்களே, இதைப் பழகினால் விமானி உரிமம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விமானப் பயிற்சிக்கு இலட்சக்கணக்கான வெள்ளி செலவாகும். நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இது தேவையும் இல்லை. ஆனால் பிள்ளை உட்காரும் நாற்காலியை மட்டும் பாருங்கள். கழுத்தை அண்ணாந்து திரையைப் பார்க்கிறதா? தலையணை ஒன்றை மடித்துப் போடுங்கள். அண்ணன் தங்கை இருவரும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், நாற்காலி நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வையுங்கள். யார் உட்கார்ந்தாலும் திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறாதிருக்கும்.