ஒலிவாங்கி யார் கையில்?



விவரணப்படம் என்றதும் நாம் கமெராவைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று அப்படங்களில் ஒலிக்கும் குரலைப் பற்றிப் பேசலாமென எண்ணுகிறேன். அதற்கு, ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பசில் ரைட் நமது நாட்டிற் படமாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்'. ஆண்டு 1934. தயாரித்தவர், பிரித்தானிய விவரணப்பட இயக்கத்தின் முன்னோடியான ஜோன் கிரியர்சன். பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. விளம்பரமாகத் தொடங்கிய முயற்சி கலைப்படைப்பாக முடிந்தது; 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசும் பெற்றது.

சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர்களையும், மணியோசையோடு மேலெழும் பறவையையும் முதன்முறை பார்த்தபோது நான் மெய்மறந்தேன். மறுமுறை பார்த்தபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டேன். 1681இல் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து லயனல் வென்ட் வாசிக்கிறார். வர்த்தகம் பற்றிய பகுதியில், உழைப்போரின் உருவங்கள்மீது ஆங்கிலக் குரல்கள் சந்தை நிலவரம் கூறுகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் நம்மோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அக்காலத்தில் ஒலிப்பதிவு எளிதல்ல என்பது உண்மையே. இப்படத்தின் ஒலியும் இலண்டனிலேதான் சேர்க்கப்பட்டது. வென்ட் அங்கு சென்றே குரல் கொடுத்தார்.

இனி இரண்டாவது படம். 1935இல் ஆதர் எல்ட்டனும் எட்கர் அன்ஸ்ரியும் எடுத்த 'ஹவுசிங் புரொப்ளம்ஸ்'. இதற்கும் பணம் வந்தது வணிகத்திடமிருந்துதான். புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு விற்பனையாகும் என்பது எரிவாயு நிறுவனங்களின் கணக்கு. ஆயினும் படக்குழுவினர் ஒலிவாங்கியைக் கிழக்கு இலண்டன் சேரி வீடுகளுக்குள்ளேயே கொண்டுசென்றனர். ஒழுகும் கூரையின் கீழ், இடிந்த சுவரின் அருகே நின்று, அவ்வீட்டார் தமது கதையைத் தாமே சொல்கிறார்கள். ஒரு பெண் எலித்தொல்லையை விவரிக்கும்போது நமக்கு உடல் கூசுகிறது. அழகிய காட்சிகள் அதில் இல்லை. ஆனால் பேசும் மனிதரை மறக்க முடிவதில்லை.

இரு படங்களுக்கும் பணம் கொடுத்தவர் வியாபாரிகளே. ஆகவே வேறுபாடு பணத்தில் இல்லை. யாரைப் பேசவிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

'சோங் ஒஃப் சிலோன்' வெளிவந்து 14 ஆண்டுகளின் பின், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கு அந்தப் படம் காரணமென்று நான் கூறவில்லை. ஆனால் ஒரு மக்கட்கூட்டத்தை மலைச்சரிவின் அழகாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, அவர்களும் உரிமையுள்ள மனிதர் என்பது இலகுவில் உறைப்பதில்லை.

எனவே நேயர்களே, பட்டினியையோ போரையோ பற்றி எந்த விவரணப்படத்தைப் பார்த்தாலும், துன்பப்படுபவர் அதிற் பேசுகிறாரா, அல்லது அவருக்காக வேறொருவர் பேசுகிறாரா என்று சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள்.