மூச்சு யந்திரமும் கரப்பான் பூச்சியும்



இழுப்பு நோயுள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகள் பலவற்றில் இப்பொழுது நெபுலைசர் என்னும் யந்திரம் வந்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால், அதை வாங்கி வைத்த பிறகும், "குழந்தைக்கு இழுப்பு நிற்கவில்லையே, கண் திருஷ்டியோ, கிரகக் கோளாறோ" என்று மந்திரிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகுமுன் அந்த யந்திரத்தின் மருந்துக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தீர்களா என்றுதான் நாம் கேட்கிறோம்.

அது செய்யும் வேலை என்ன? அறையிலுள்ள காற்றை உறிஞ்சி, ஒரு சிறு வடிகட்டி வழியாய் இழுத்து, குழாயில் தள்ளி, கிண்ணத்து மருந்தைப் பனி போலாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரை 200 பங்காக்கினால் ஒரு பங்கு வருமே, அதற்குட்பட்ட துளிகள் நுரையீரலின் உள்ளே வெகுதூரம் போகும். அப்படிப் போகவேண்டுமென்றே செய்யப்பட்ட யந்திரம் அது. கிண்ணத்தில் கரப்பான் எச்சம் கிடந்தால், மருந்தை மாத்திரம் உள்ளே விட்டு அழுக்கை நிறுத்த அங்கே துவாரபாலகர் யாராவது நிற்கிறார்களா?

கரப்பானின் எச்சிலிலும் எச்சத்திலும் உதிர்ந்த தோலிலும் உள்ள புரதம், ஒவ்வாமையுள்ள குழந்தையின் மூச்சுக் குழல்களைச் சுருங்கச் செய்யும். அமெரிக்க நகரங்களின் 8 ஏழைப் பகுதிகளில் 476 குழந்தைகளைப் பரிசோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் அப்புரதமும் மிகுந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இது அறைத் தூசியின் கணக்கு. அந்தத் தூசியே முகத்தோடு ஒட்டும் முகமூடியில் படிந்திருந்தால்? பூச்சி செத்தாலும் புரதம் தூசியில் தங்கிவிடும். ஆகவே பூச்சி மருந்து அடித்தது போதாது. அம்மருந்தின் நெடியே இழுப்பைக் கிளப்பும்.

நம் வீடுகளிலோ யந்திரம் கட்டிலுக்கடியில், முகமூடி ஆணியில். ஆயுத பூஜை வந்தால் யந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், பக்கத்திலேயே சாம்பிராணிப் புகை! உறிஞ்சும் துவாரம் பொடியையும் புகையையுந்தானே உறிஞ்சும்? கல்லுக்குத் தினம் அபிஷேகம் செய்யத் தண்ணீர் கிடைக்கிறது. குழந்தையின் முகமூடியைக் கழுவக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய மருந்தைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் முகமூடியையும் வெந்நீரில் அலசி உதறிக் காயவையுங்கள். தினம் ஒரு தரம் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். காற்றுக் குழாயைக் கழுவக் கூடாது. ஈரமிருந்தால் மருந்தின்றி யந்திரத்தைச் சற்று ஓடவிட்டால் காயும். உள்ளே கறுத்தால் மாற்றிவிடுங்கள். வடிகட்டியும் அப்படியே. காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இன்ஹேலரோடு ஸ்பேஸர் குழல் வைத்திருப்பவர்கள் அதையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் உண்டாகும் மின்சாரத்தில் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கேட்டுவிட்டு, "யந்திரமே வேண்டாம்" என்று யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. விலாப் பள்ளம் விழ மூச்சு வாங்கினாலும், பேச முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் கழுவிக்கொண்டும் நிற்க வேண்டாம், மந்திரிப்பவனிடமும் ஓட வேண்டாம். அந்த நிமிஷமே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.