விமானியாக எந்த வழி?



எஸ்.பி.எம். முடித்த பிள்ளை விமானியாக ஆசைப்படுகிறான். சேமநிதிப் பணம் போதாவிட்டால் வீட்டை அடகு வைக்கலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள்.

வழிகள் மூன்று. முதலாவது, விமான நிறுவனமே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுப்பது. தேர்வு கடுமையானது. ஒப்பந்தத்திற்கும் கட்டுப்பட வேண்டும்.

இரண்டாவது, சொந்தச் செலவில் முழுநேரப் பயிற்சி. மலாக்கா, லங்காவி போன்ற இடங்களில் பயிலலாம். அனைத்துலக விதிப்படி வர்த்தக விமானி உரிமத்திற்குக் குறைந்தது 150 மணி நேரம் பறக்க வேண்டும். உரிமம் கிடைக்கும், வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, பணம் சேரச் சேரப் படிப்படியாகப் பயில்வது. இதற்கு 200 மணி நேரம் வேண்டும். காலம் இழுக்கும், ஆனால் கடன் ஒரேயடியாகத் தலையில் ஏறாது.

2020-இல் கோவிட் பரவியபோது அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். அதை மறக்கலாகாது.

எனவே, கட்டணம் கட்டுமுன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பிறகு தெரிந்தால், கட்டிய பணம் வீணாகலாம். சென்ற ஆண்டு பயின்றவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பயிற்சிக் கழகத்திடம் கேளுங்கள். கட்டணத்தையும் கட்டம் கட்டமாகவே செலுத்துங்கள்.

பிள்ளை பறக்கட்டும், வீடும் நிலைக்கட்டும்.