கோரிப்பாளையம் முதல் கொடைக்கானல் வரை
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் தந்த தலைப்பு "உடல்நலமும் நடுவயதும்". நான் டாக்டர் இல்லை. அதனால் அவர் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். எங்கள் செட்டில் ஐந்து பேர் வரும் ஜனவரியில் கோரிப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போகப்போகிறோம். அதற்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன். "இந்த வயசுலயா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிங்க. ஆனால் இதே பயணத்தை இருபது வயதில் திட்டமில்லாமல் செய்தவன் நான். அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

1988 ஜனவரி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். விடுதியில் நாங்கள் நாலு பேர்தான் ஊருக்குப் போகாமல் இருந்தோம். ராத்திரி டீக்கடையில் ஒருத்தன் "கொடைக்கானல் போலாமாடா?" என்றான். "பஸ்ஸுக்குக் காசு?" "சைக்கிள்ல போவோம்." அவ்வளவுதான் திட்டம். நாலு வாடகை சைக்கிள் எடுத்தோம். விடிகாலை நாலு மணிக்குத் தேவர் சிலையைத் தாண்டியபோது, சாயங்காலம் ஏரிக்கரையில் சுண்டல் சாப்பிடுவோம் என்றுதான் நினைத்தோம்.

தூரம் சுமார் 120 கிலோமீட்டர். அதில் கடைசி 50 கிலோமீட்டர் மலை. அடிவாரத்திலிருந்து ஊர் வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை. நாங்கள் நாலு பேரும் பி.எஸ்ஸி. கணிதம் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டோம். என் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, செயினும் அடிக்கடி கழன்றது. எங்களில் ஒருவன் கபடி ஆட்டக்காரன், நல்ல உடம்பு. அவனிடம், "மாப்ள, இந்த வண்டி எனக்கு ஒத்துவரல"ன்னு சொன்னேன். அவன் ஒண்ணும் கேட்கவில்லை. "சரி, நீ இதை எடுத்துக்க" என்று தன் வண்டியைக் கொடுத்துவிட்டு என் வண்டியில் ஏறினான்.

டம் டம் பாறைக்கு மேலே அவன் பின்தங்கினான். மிதிக்க மிதிக்கச் செயின் கழன்றிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் இரண்டு வளைவு தள்ளி நின்று பார்த்தோம். ஆளைக் காணோம். "வந்துருவான்டா, பலசாலி" என்று சொல்லிக்கொண்டே மேலே போய்விட்டோம். ராத்திரி ஏழு மணிக்குக் கொடைக்கானல். அவன் வரவில்லை. பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பான் என்று முடிவு செய்தோம். செல்போன் இல்லாத காலம். விசாரிக்க வழியில்லை என்று சொல்லலாம். விசாரிக்க நினைக்கவும் இல்லை என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் விடுதிக்குத் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் இருட்டும் நேரத்தில் கீழே இறங்கியிருக்கிறான். பிரேக் பிடிக்காமல் ஒரு வளைவில் விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. வாழைத்தார் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அந்த வருடம் அவன் கபடி ஆடவில்லை. அதற்குப் பிறகும் ஆடவில்லை.

அவன் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வண்டி மாற்றிய கதையை யாரிடமும் சொன்னதும் இல்லை. நானும் சொல்லவில்லை. போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மூணு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அந்தப் பாறையில உட்கார்ந்திருந்தேன்டா. நீங்க திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று பந்தியிலேயே கேட்டேன், "மறுபடி போவோமா?" என்று. அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னால் என்னை அடிப்பான். அதனால் சொல்லவில்லை.

இனி திட்டத்துக்கு வருகிறேன். தம்பிகள் குறித்துக்கொண்டால் நல்லது.

முதலில் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மலைச் சாலையில் மண் சரியும், பாதை வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வாகன நெரிசல். அதோடு வத்தலக்குண்டு சமவெளியில் தாங்க முடியாத வெயில். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் நமக்கு ஏற்றது. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர். பொங்கல் விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு, சனி ஞாயிறை விட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது, நாட்கள். ஒரே நாளில் செய்ததை இப்போது மூன்று நாளாக்கியிருக்கிறோம். முதல் நாள் கோரிப்பாளையத்திலிருந்து வத்தலக்குண்டு, சுமார் 60 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் போகவில்லை. சோழவந்தான் வழியாகத் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்த்துக்கொண்டு, பூவுக்குப் பேர்போன நிலக்கோட்டையைத் தொட்டுப் போகிறோம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். இரண்டாம் நாள் அடிவாரம் தாண்டிப் பண்ணைக்காடு பிரிவு வரை. அந்தப் பக்கம் காப்பித் தோட்ட வீடுகளில் தங்கலாம், முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். மூன்றாம் நாள் பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர், அப்புறம் கொடைக்கானல். நான்காம் நாள் ஓய்வு. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு உண்டாக்கிய ஏரியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றுவோம். அதன் மிச்ச நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி விழுகிறது. ஐந்தாம் நாள் இறக்கம், ஆறாம் நாள் வீடு.

மூன்று நாளா என்று இளைஞர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள்தான் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள். சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, முதலில் சிறுமலையை முயன்று, அங்கேயும் காய்ச்சல் விடாததால் 7,000 அடிக்கு ஏறினார்கள். இன்றைய சாலையில் வண்டி ஓடத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து போனார்கள். தூக்கிப் போனவர்கள் நம்மூர் ஆட்கள். அந்தப் பயணத்தின் வேகத்தைத் தீர்மானித்தது மேலே உட்கார்ந்த துரை இல்லை, கீழே தோள் கொடுத்தவர்.

மூன்றாவது, வண்டி. அப்போது நாங்கள் ஓட்டியது கியர் இல்லாத சைக்கிள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டருக்குமேல் ஓடும். சமவெளிக்கு அது சரி, மலைக்கு மூச்சு வாங்கும். இப்போதைய கியர் வண்டியில் ஆகக் குறைந்த கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் முழங்கால் பிழைக்கும். பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் பேர்போன ஆல்ப் துவேஸ் மலைச் சாலை 14 கிலோமீட்டருக்குள் 1,100 மீட்டர் ஏறுகிறது. சராசரிச் சரிவு நூற்றுக்கு எட்டு. நம் கொடைக்கானல் சாலை நூற்றுக்கு மூன்றரைதான். சரிவு பாதிக்கும் குறைவு, தூரம் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே இங்கே வேண்டியது பலம் இல்லை, பொறுமை. மணிக்கு ஏழு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

நான்காவது, உடம்பு. ஐம்பது தாண்டிய நாங்கள் ஐந்து பேரும் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் பயிற்சியைத் தொடங்கினோம். வாரம் மூன்று நாள் விடிகாலையில் அழகர்கோவில் சாலை. அடுத்த மாதம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே முடியாதவர் கொடைக்கானலுக்கு வரக்கூடாது என்றில்லை. அங்கே முடியாவிட்டால் திட்டத்தை மாற்றுவோம் என்று பேசியிருக்கிறோம்.

ஐந்தாவது, வெயில். உயரம் ஏற ஏற 1,000 மீட்டருக்கு ஆறு டிகிரி போலச் சூடு குறையும். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம் போலக் கூடும். "குளுகுளுன்னு இருக்கே" என்று தொப்பியைக் கழற்றினால் மறுநாள் தோல் உரியும். தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும். எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், மலைவாழைப்பழம், கடலை மிட்டாய் போதும்.

ஆறாவது, இறக்கம். கேட்கிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆபத்து இறக்கத்தில். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போகும். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். பனிமூட்டம் விலகிய பிறகு புறப்பட்டு, பொழுது சாயுமுன் அடிவாரம் வந்துவிட வேண்டும். இருட்டில் இறங்கவே கூடாது. ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

துணைக்கு ஒரு வேன் வருகிறது. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்குப் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். புறப்படும் முன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விதி. மற்றதெல்லாம் புத்தகம் பார்த்தும் நாலு பேரைக் கேட்டும் எழுதியது. இதை மட்டும் நாங்களே எழுதினோம். எங்களில் யார் மெதுவாகப் போகிறாரோ அவர்தான் முன்னால் போவார். மற்றவர் யாரும் அவரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் நின்று ஐந்து பேரையும் எண்ண வேண்டும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஐந்து பேருக்கும் பயணம் அங்கேயே முடிந்தது. ஊர் போய்ச் சேராவிட்டால் பரவாயில்லை.

இன்றைய மாணவர்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் எங்களைவிட நல்ல வண்டி இருக்கிறது. கையில் வழிகாட்டும் செல்போன் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று அதுவே சொல்லிவிடும். பின்னால் வருகிறவன் எங்கே என்று நீங்கள்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

இரண்டாம் நாள் மதியம் டம் டம் பாறையில் நிற்போம். எதிரே தலையாறு அருவி, எலிவால் அருவி என்பார்கள், 975 அடி உயரத்திலிருந்து விழுவது தெரியும். அன்று நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அவன் மட்டும்தான் முன்னும் பின்னுமாகப் போன நேரத்தில் பார்த்திருப்பான். அதற்கு மேலே, மூன்று மணி நேரம் அவன் உட்கார்ந்திருந்த அந்தப் பாறை எது என்று அவனைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே கொஞ்ச நேரம் ஐந்து பேரும் உட்காருவதாகத் திட்டத்தில் எழுதியிருக்கிறோம். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

போன வாரம் வண்டிகளைச் சோதிக்கக் கூடினோம். அவன் ஐந்து வண்டியின் பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். கடைசியில் நல்லதாக ஒன்றை என் பக்கம் தள்ளி, "இந்தா, இதை நீ எடுத்துக்க" என்றான். நான் எடுக்கவில்லை. இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது.