நீலம் பிடிகொடுக்காது



இந்தப் பட்டமளிப்பு விழாவின் அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'குவாண்டம் வேதியியலாளர்' என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே வரும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "அது என்ன வேலைம்மா?" என்று கேட்டார்கள். "ஒளி விடுற மூலக்கூறுகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற வேலைம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன்.

என் அப்பா இந்த மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருந்தார். அம்மா வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுவார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வாணத்துக்கு நிறம் தரும், புதிதாகப் போட்ட மணி மருந்தை இருட்டியபின் காட்டுப்பக்கம் கொளுத்திப் பார்ப்பார்கள். தூரத்தில் நின்று நானும் பார்ப்பேன். "சிவப்பு சொன்ன பேச்சு கேட்கும், பச்சையும் கேட்கும். நீலம் மட்டும் பிடிகொடுக்காது" என்பார் அப்பா. ஏன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் காரணம் புரிந்தது. வாணத்தின் சிவப்பு, ஸ்ட்ரான்ஷியமும் குளோரினும் தீயில் ஒரு நொடி சேர்ந்து நிற்கும் மூலக்கூறிலிருந்து வருகிறது. பேரியமும் குளோரினும் சேர்ந்தால் பச்சை. செம்பும் குளோரினும் சேர்ந்தால் நீலம். இந்த மூன்றாவது மூலக்கூறு சூடு ஏறினால் உடைந்துபோகிறது. சூட்டைக் குறைத்தாலோ ஒளி மங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகலான இடத்தில்தான் நல்ல நீலம் கிடைக்கும். அப்பா ஆண்டுதோறும் தேடியது அந்த இடத்தைத்தான். நான் முப்பது ஆண்டுகளாகத் தேடுவதும் வேறு ஒரு மூலக்கூறில் அதே மாதிரி ஓர் இடத்தைத்தான்.

உங்களில் பலருடைய கைப்பேசித் திரை ஓஎல்இடி. அதில் ஒளி விடுவது கரிம மூலக்கூறுகள். 1987-ல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் அதற்கு வழி காட்டினார்கள். மின்சாரம் பாயும்போது மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போகிறது. அந்த நிலை இரண்டு வகை. எலக்ட்ரான்களின் சுழற்சி எதிரெதிராக இருந்தால் ஒற்றை நிலை, ஒரே பக்கமாக இருந்தால் மும்மை நிலை. ஒற்றை நிலையிலிருந்து ஒளி சட்டென்று வந்துவிடும். சாதாரணக் கரிம மூலக்கூறில் மும்மை நிலை ஒளி தராமல் பெரும்பாலும் வெப்பமாகக் கரைந்துபோகும். மின்சாரத்தால் கிளப்பினால் நான்கில் மூன்று பங்கு இந்த மும்மை நிலைக்குத்தான் போகிறது. கொடுத்ததில் முக்கால் பங்கு வீண்.

சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் போன்ற கன உலோகங்களை மூலக்கூறில் சேர்த்து இந்த விரயத்தைத் தடுத்துவிட்டார்கள். நீலம் அப்படி வழிக்கு வரவில்லை. நீல ஒளிக்கு ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பை அறுக்கத் தேவையானதிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை. அவ்வளவு ஆற்றலோடு மும்மை நிலையில் நெடுநேரம் காத்திருக்கும் மூலக்கூறு தன்னையே உடைத்துக்கொள்கிறது. அப்பாவின் செம்புக்கு வந்த அதே கதி.

2012-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு வேறொரு வழி காட்டியது. இரு நிலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளியை மிகச் சிறியதாக்கினால், அறையின் வெப்பமே மூலக்கூறை மும்மையிலிருந்து ஒற்றைக்கு ஏற்றிவிடும். அறை வெப்பம் தரும் ஆற்றல் சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட். ஏறுகிற படி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, மூலக்கூறு அந்த ஆபத்தான நிலையில் காத்திருக்கும் நேரமும் அவ்வளவு குறையும். ஆகவே அந்தப் படியின் உயரத்தைத் தாளில் கண்டுபிடிப்பதுதான் என்னைப் போன்றவர்களின் வேலை.

அதற்கான சமன்பாடு 1926-லேயே ஷ்ரோடிங்கர் எழுதிவைத்தது. ஹைட்ரஜன் அணுவுக்கு அதைத் துல்லியமாகத் தீர்க்கலாம். இரண்டாவது எலக்ட்ரான் வந்துவிட்டால் அது நடக்காது. நூறு எலக்ட்ரான் உள்ள மூலக்கூறுக்கு நாங்கள் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் கணக்கிடுகிறோம். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் எங்கள் தொழிலின் மொத்தத் திறமையும்.

அந்த இடத்தில் நான் ஒருமுறை தவறினேன். ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில், மூன்று வளையங்கள் ஒரு நைட்ரஜனைச் சுற்றி ஒட்டி நிற்கும் சைக்கிளேசின் என்ற சின்ன மூலக்கூறை எடுத்துக் கணக்குப் போட்டேன். இடைவெளிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தது. அதாவது மும்மை நிலை மேலே, ஒற்றை நிலை கீழே. ஹுண்ட் விதியைப் படித்த எவருக்கும் இது தலைகீழாகத் தெரியும். மும்மை நிலைதான் கீழே இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உள்ளீட்டில் பிழை என்று நினைத்தேன். எல்லோரும் பயன்படுத்திய, வேகமான டென்சிட்டி ஃபங்ஷனல் முறையில் மறுபடி ஓட்டினேன். கூட்டல் குறி வந்தது. நிம்மதியாக அதை அட்டவணையில் எழுதிவிட்டு, பழைய கோப்பை அழித்தேன்.

2019-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கட்டுரை வெளியிட்டன. சைக்கிளேசின், ஹெப்டசீன் வகை மூலக்கூறுகளில் மும்மை நிலை உண்மையிலேயே மேலே இருக்கிறது என்று அவை சொல்லின. அந்த மூலக்கூறில் எலக்ட்ரான் விட்டுப்போகும் இடமும் போய்ச்சேரும் இடமும் வெவ்வேறு அணுக்கள். அதனால் மும்மை நிலையைத் தாழ்த்தும் விசை மெலிந்துபோகிறது. அப்போது இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் இடம்மாறும் நுட்பமான விளைவு ஒற்றை நிலையைக் கீழே இழுத்துவிடுகிறது. நான் நம்பிய வேகமான முறை ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானை மட்டுமே நகர்த்திப் பார்க்கும். அதற்கு இது தெரியவே தெரியாது. கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெருமை கைநழுவியதற்காக அல்ல. கேள்வி என் கையிலேயே இருந்தது, நான் அதைக் கேட்கவே இல்லை என்பதற்காக.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம், அப்படிப்பட்ட ஒரு கேள்வியைக் கைவிடாத இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1921-ல் ராமன் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ஒளிச் சிதறல் ஆய்வில் மனம் போனது. இங்கேயும் நீலம்தான். 1923-ல் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் தண்ணீர் சிதறும் ஒளியில், இருக்கக் கூடாத நிறத்தில் மெல்லிய தடம் ஒன்றைக் கண்டார். தண்ணீரில் ஏதோ அசுத்தம் ஒளிர்கிறது என்பதுதான் இயல்பாகத் தோன்றும் விளக்கம். மறுபடி மறுபடி காய்ச்சி வடித்தார்கள். தடம் போகவில்லை. பிறகு கிருஷ்ணனும் பல திரவங்களில் அதைப் பார்த்தார். சாதாரண ஒளிர்வு காட்டாத முனைவாக்கத்தை அந்த ஒளி காட்டியது. அது புது வகை ஒளிச் சிதறல் என்று 1928-ல் ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து கையெழுத்திட்டு நேச்சர் இதழுக்கு அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகள் அவர்கள் அந்த அசுத்தத்தை அழிக்கப் பார்த்தார்கள், ஆனால் அதை மறக்கவில்லை. நான் கோப்பை அழித்தது ஒரே மாலையில்.

2022-ல் ஜப்பானின் ரிக்கென் நிறுவன ஆய்வாளர்கள், 34,000-க்கும் மேற்பட்ட ஹெப்டசீன் மூலக்கூறுகளைக் கணினியில் சலித்து, சிலவற்றை ஆய்வகத்தில் செய்தும் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் இடைவெளி கழித்தல் 0.011 எலக்ட்ரான் வோல்ட். ஒளி நீலம். அந்தக் கட்டுரையின் வரைபடத்தை அச்சிட்டு அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டார். மணி மருந்தைப் பார்த்துக் கேட்கும் அதே கேள்வி. ஆயுள்தான் இன்னும் எங்களுக்கும் பிரச்சினை. நீலம் நெடுநாள் நிற்கவேண்டும், திரைகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டும். அந்த வேலை முடியவில்லை.

போன வாரம் என் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்தாள். அவள் கணக்கில் ஓர் எண், மற்ற பதினேழு எண்களோடு சேராமல் தனியே நிற்கிறது. "தப்பா இருக்கும் மேடம், எடுத்துடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். தப்பாகவும் இருக்கலாம், பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். வேறு இரண்டு முறைகளில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. இன்று இரவு ரயிலில் கிளம்பினால் நாளைக் காலை ஆய்வகத்தில் இருப்பேன். அவளும் வந்துவிடுவாள்.