சிஸ்ரின் கற்களும் ஒரு மாத்திரையும்



சிறுநீரகக் கல் என்றவுடன், வெயிலில் உழைத்துப் போதிய நீர் அருந்தாதவரின் நோய் என்றே நாம் எண்ணுகின்றோம். பெற்றோர் இருவர் வழியாகவும் பிறவியிலேயே வந்து, பள்ளிப் பருவத்திலேயே கல்லை விளைவிக்கக்கூடிய அரிய நோயொன்றும் உண்டு. அதன் பெயர் சிஸ்ரினூரியா.

1810ஆம் ஆண்டில் வொலாஸ்ரன் என்னும் ஆங்கில அறிஞர், சிறுநீர்ப்பைக் கல்லொன்றிற் புதியதொரு பொருளைக் கண்டார். பின்னர் சிஸ்ரின் எனப் பெயர்பெற்றது அதுவே. சிறுநீரகம் இதனை வடித்தபின் மீண்டும் இரத்தத்திற் சேர்த்தல் வேண்டும். இந்நோயாளரிடம் அச்செயல் குறைவுபடுகின்றது. வேறு மூன்று அமினோ அமிலங்களும் உடன் ஒழுகிப்போகின்றன. ஆயினும் அவை நன்கு கரைவன. சிஸ்ரினே படிந்து கல்லாகின்றது.

ஒரு லீற்றர் சிறுநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் சிஸ்ரின் கரையும். நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வெளியேற்றுபவர் மூன்று லீற்றர் சிறுநீர் கழித்தாக வேண்டும். உறக்கத்திற் சிறுநீர் செறிவடைவதால் இரவிலும் எழுந்து நீர் அருந்தவேண்டும். இத்தகைய பிள்ளை வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும். ஆசிரியர் கடிந்துகொண்டால், அது நீர் அருந்துவதையே குறைத்துவிடும். எங்கள் தொழிலினர் இதனை அறிந்திருத்தல் நன்று.

நீர் மட்டும் போதாதபோது, சிறுநீரின் அமிலத்தன்மையைத் தணிக்கப் பொற்றாசியம் சித்திரேற்றுக் கொடுப்பர். அதற்கும் அடங்காதவர்க்கே தயோப்புரோனின் என்னும் மாத்திரை. சிஸ்ரின் என்பது கந்தகப் பிணைப்பினால் ஒட்டிய இரட்டை. மருந்து அப்பிணைப்பை அவிழ்த்து, ஒரு பாதியைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. இப்புதிய சோடி எளிதிற் கரைந்துவிடும். 1963இல் இலண்டன் வைத்தியர்கள் இதே வழியிற் பெனிசிலமைனைக் கையாண்டனர். தயோப்புரோனினுக்கு ஐக்கிய அமெரிக்கா 1988இல் அனுமதி வழங்கியது. இம்மருந்தினாற் சிலரது சிறுநீரிற் புரதம் கசிவதுண்டு. ஆகவே வைத்தியரின் கண்காணிப்பிலன்றி உண்ணலாகாது.

மருந்து பிறவிக் குறையை நீக்குவதில்லை. நிறுத்தினாற் சிஸ்ரின் மீண்டும் படியும். ஆதலால் விலையும் நோயாளருக்கு உயிர்ப் பிரச்சினையே. 2014இல் அமெரிக்காவில் இதன் விற்பனையுரிமையைப் பெற்ற றெற்றோபின் என்னும் நிறுவனம், ஏறத்தாழ ஒன்றரை டொலருக்கு விற்ற மாத்திரையை முப்பது டொலருக்கு உயர்த்திற்று. மாத்திரையில் மாற்றம் எதுவுமில்லை. வளர்ந்தவரொருவர் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை எட்டு உண்பது வழக்கம். 12 டொலராயிருந்த ஒருநாட் செலவு 240 டொலராயிற்று.