பொதுமக்களின் உதவி கோரப்படுகிறது

"சந்தேகநபரைக் கைதுசெய்யப் பொலிஸார் பொதுமக்களின் உதவியை நாடியுள்ளனர்" என்ற வாக்கியம் இலங்கையின் தமிழ் நாளேடுகளிலும் வானொலிச் செய்திகளிலும் அடிக்கடி வருவதால், வானிலை அறிக்கையைப் போலக் காதில் விழுந்து கடந்துபோய்விடுகிறது. தேடப்படுபவர் தொடர்கொலையாளியாக இருக்கும்போதோ, விசாரணையின் பாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மீது இறங்குகிறது. ஒரே ஆள் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ தனித்தனிச் சம்பவங்களில் கொல்வதே தொடர்கொலை என்று, 2005ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம் கூட்டிய கருத்தரங்கு வரையறுத்தது. சாதாரணக் கொலையில் காணித் தகராறோ கடனோ குடும்பப் பகையோ இருப்பதால், பொலிஸாரால் இறந்தவரின் உறவினரிடமிருந்து தொடங்கிக் கொலையாளியை எட்ட முடிகிறது. தொடர்கொலையில் பெரும்பாலும் அத்தகைய முன்தொடர்பு இராமையால், கொலையாளிக்குச் சோறு போடுபவர், அறையை வாடகைக்குக் கொடுத்தவர், பக்கத்தில் நின்று வேலை செய்பவர் ஆகியோரின் கண்ணும் காதுமே புலனாய்வின் கருவிகளாகின்றன.

பொலிஸார் விடுக்கும் அறிவித்தலில் சொல்லப்படுவதைப் போலவே சொல்லாமல் விடப்படுவதும் கணக்குப் பார்த்துச் செய்யப்படுவதாகும். கொலை நடந்த இடத்தின் சில விவரங்களை விசாரணையாளர் தம்மிடமே வைத்துக்கொள்வர். ஏனெனில் உண்மையான கொலையாளி மட்டுமே அறிந்திருக்கக்கூடிய அந்த விவரங்களே பொய்யாகக் குற்றத்தை ஏற்க வருபவரை இனங்காட்டும். 1985இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ராமிரெஸ் தேடப்பட்டபோது, கொலையாளியின் சப்பாத்துத் தடமும் துப்பாக்கியும் பற்றிய செய்தியை சான் பிரான்சிஸ்கோவின் மேயர் ஊடகவியலாளரிடம் வெளியிட்டுவிட்டதால் புலனாய்வாளர் கொதித்துப்போயினர். மாறாக, அதே ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் ராமிரெஸின் நிழற்படம் வெளியிடப்பட்டதன் மறுநாளே லொஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் தெருவாசிகள் அவரை மடக்கிப் பிடித்தனர். ஸ்பானிய மொழி பேசும் மக்கள் நிறைந்த பகுதி அது. நிழற்படத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

வட இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீற்றர் சட்கிளிஃபின் வழக்கோ ஒரு குரலால் தடம்புரண்டது என்பதால், வானொலி நேயர்களின் தனிக் கவனத்துக்கு உரியது. 1979 ஜூனில் விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜோர்ஜ் ஓல்ட்ஃபீல்டின் பெயருக்கு ஓர் ஒலிநாடா வந்து சேர்ந்தது. தானே அந்தக் கொலையாளி என்று நிதானமாக, பொலிஸாரைக் கேலி செய்து பேசிய அந்தக் குரலைப் பொலிஸார் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பச் செய்ததோடு, எவரும் தொலைபேசியில் அழைத்து அதைக் கேட்கவும் வசதி செய்தனர். குரலை ஆராய்ந்த பேச்சுவழக்கு அறிஞர்கள், அது சண்டர்லண்ட் நகரத்தை அடுத்த காசில்டவுன் வட்டாரத்துப் பேச்சு என்றனர். அவர்களது கணிப்பு துல்லியமானது. ஆனால் பேசியவர் கொலையாளி அல்லர். அந்த வட்டார வழக்கு நாவில் இல்லை என்ற காரணத்தால் சந்தேகத்துக்குரியவர்கள் விலக்கப்பட, வேற்று வழக்கில் பேசிய சட்கிளிஃப் விசாரணைக் காலம் முழுவதிலும் 9 தடவை பொலிஸாரால் நேர்காணப்பட்டும் சிக்கவில்லை. ஒலிநாடா வந்த பின்னர் மேலும் 3 பெண்கள் உயிரிழந்தனர். பொதுமக்கள் அனுப்பிய தகவல்கள் மலைபோலக் குவிந்தபோது அவற்றைக் கையெழுத்து அட்டைகளில் பதிந்து அடுக்கியவர்கள், ஒரே பெயர் வெவ்வேறு பெட்டிகளில் கிடப்பதைக் காண இயலாது திணறினர். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் வாகனத்தின் போலி இலக்கத்தகட்டைக் கவனித்த ரோந்துப் பொலிஸார் இருவரிடமே சட்கிளிஃப் அகப்பட்டார். ஒலிநாடாவை அனுப்பிய ஜோன் ஹம்பிள், கடித உறையில் எஞ்சியிருந்த உமிழ்நீரின் மரபணுவால் அடையாளம் காணப்பட்டு, 2006இல் 8 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உதவி கேட்பவர் தவறான கேள்வியைக் கேட்டால், ஊர் முழுவதும் திரண்டு வந்து அந்தத் தவறான கேள்விக்கே விடை தேடும்.

தமிழகத்தோடு தொடர்புடைய எடுத்துக்காட்டாக, தொடர்கொலைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த லொறிச் சாரதி ஜெயசங்கரின் வழக்கைக் கூறலாம். 2011 மார்ச்சில் காவலிலிருந்து தப்பிய அவர், அதே ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தின் வட பகுதியில் வயலில் நின்ற பெண்ணொருவரைத் தாக்க முயன்றபோது கிராமத்தவரிடம் பிடிபட்டுப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டார். 2013 செப்டெம்பரில் பெங்களூர்ச் சிறையிலிருந்தும் அவர் தப்பியபோது, 5 இலட்சம் ரூபா சன்மானம் அறிவிக்கப்பட்டு, துண்டுப்பிரசுரங்கள் 5 மொழிகளில் அச்சிடப்பட்டன. லொறியில் மாநிலம் விட்டு மாநிலம் திரிந்த ஒருவரைத் தேடும் அறிவித்தலும் அவரைப் போலவே மொழி எல்லைகளைக் கடக்க வேண்டும் என்பதைக் கர்நாடகப் பொலிஸார் உணர்ந்திருந்தனர். சில நாட்களுக்குள், தகவல் ஒன்றின் பேரில் அவர் மீண்டும் பிடிபட்டார்.

இந்தப் பின்னணியில்தான் மலையகத்தின் 2011ஆம் ஆண்டு அனுபவம் பொருள்படுகிறது. இரத்தினபுரி மாவட்டத்தின் கஹவத்தையை அடுத்த கொட்டகெத்தனவில் 2008 முதல் சில ஆண்டுகளாகப் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலும் வயதானவர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். பத்திரிகைகள் அவற்றை ஒரே தொடராக எழுதின. ஆனால் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆட்கள் கைதாகியதை நோக்கினால், எல்லாக் கொலைகளையும் ஒரே கையின் மீது சுமத்துவதற்கு இடமில்லை. விடை கிடைக்காத அந்த நாட்களில், 2011 ஓகஸ்ட் மாதத்தில், "கிரீஸ் பூதம்" என்ற பேச்சு தோட்டந்தோட்டமாகப் பரவியது. பிடிப்பவர் கை வழுக்குமாறு உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு இரவில் திருட வருபவன் என்பது இலங்கையின் பழைய கதை. அந்தக் கதைக்கு அப்போது பெண்களைக் கீறுபவன், கொல்பவன் என்ற புதிய உருவம் ஏறியது. ஆண்கள் பொல்லும் கத்தியுமாக இரவுக் காவல் இருந்தனர். ஹப்புத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் இருவர் பூதமெனச் சந்தேகிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். பூதம் எதுவும் இல்லை, சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம் என்று பொலிஸார் விடுத்த வேண்டுகோள் அச்சத்தைத் தணிக்கவில்லை.

வதந்தியும் ஒருவகையில் பொதுமக்களின் உதவியைக் கோரும் அறிவித்தலே. பொலிஸாரின் அறிவித்தலில் வயது, உயரம், நிறம், கடைசியாகக் காணப்பட்ட இடம், அழைக்க வேண்டிய இலக்கம் ஆகியவை இருப்பதால், பார்ப்பவரால் தாம் கண்ட ஆளை அவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் விட்டுவிட முடிகிறது. பூதத்துக்கு வயதும் இல்லை, உயரமும் இல்லை. ஆகவே இருட்டில் தென்படும் எந்த அந்நியரும் அதற்குப் பொருந்திவிடுகிறார். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம், பிடியாணை இன்றிக் கைதுசெய்யத்தக்க குற்றத்தைத் தம் கண்முன்னே புரிபவரைச் சாதாரணக் குடிமகனும் பிடிக்க இடமளிக்கிறது. பிடித்தவரைத் தாமதமின்றிச் சமாதான உத்தியோகத்தரிடம், அதாவது பொலிஸார் போன்ற அதிகாரம் பெற்றவரிடம், ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. கர்நாடகக் கிராமத்தவர் ஜெயசங்கரை ஒப்படைத்ததற்கும் ஹப்புத்தளையில் நடந்ததற்கும் உள்ள தூரம் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் தகவல் செல்லும் வழியை நோக்கினால் இந்தத் தூரம் ஏன் நேர்ந்தது என்பது ஓரளவு விளங்கும். காம்பராக்கள் சுவரோடு சுவராக ஒட்டிய லயத்தில் அந்நியர் ஒருவர் இஸ்தோப்புப் பக்கம் வந்தாலே நாய் குரைத்து, நான்கு தலைகள் எட்டிப் பார்த்துவிடும். நகரத்தின் எந்தக் குடியிருப்பிலும் இத்தனை சாட்சிகள் இல்லை. ஆனால் அந்தக் கண்கள் கண்டது பொலிஸ் நிலையம் சென்று சேர்வதற்குள் தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, சில வேளைகளில் துரையின் அலுவலகம் எனப் பல படிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 119 என்ற அவசர இலக்கத்தை நேரடியாக அழுத்தலாம் என்றாலும், மறுமுனையில் தமிழ் விளங்குமா என்ற தயக்கம் விரலைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியானது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் அதை வாசிக்க இயலாதவர் கையெழுத்திடும் நிலை முற்றாக நீங்கவில்லை.

எதிர்த்திசையிலும் இதே இடர் உண்டு. சிங்களத்தில் வரும் அறிவித்தலைக் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்தில், ஒருவர் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார் எனக் கொண்டால், தாளில் "செக்கக்காரயா" என்று இருப்பதற்குத் தமிழில் சந்தேகநபர் என்ற நேர்ச்சொல் இருந்தும், பேச்சுவாக்கில் அது "ஆள்" ஆகும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மதிய நிறுவைக்குக் கூடுபவர்களிடையே "கள்ளன்" ஆகும். மாலையில் மேல் லயத்தை எட்டும்போது "கொலைகாரன்" என்றே நிலைத்துவிடும். தாளிலிருந்த உயரமும் வயதும் தொலைபேசி இலக்கமும் அதற்குள் எங்கோ மலையிலேயே தங்கிவிட்டிருக்கும்.